கிழித்துப் போட்ட சீட்டு எங்கே ஐயா?

கல்லெழுத்து:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார்: "மார்மன் நூலின் மொழிபெயர்ப்பு சரிதான் என்று கொலம்பியா கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் ஆன்தனே எழுதிக் கொடுத்தார்." படித்ததும் எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜோசப் ஸ்மித் 1827-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றிலிருந்து பொன் தகடுகளை எடுத்ததாகச் சொன்னார். அதிலிருந்தது 'சீர்திருத்திய எகிப்திய' எழுத்தாம். அதை அவர் மொழிபெயர்த்ததுதான் மார்மன் நூல், மார்மன் சபையின் வேதம். 1828-ல் மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி எழுத்துகளின் நகலோடு ஆன்தனிடம் போனார். ஆன்தன் சரி என்று சீட்டு எழுதிக் கொடுத்தாராம். தேவதூதர் காட்டிய தகடு என்று கேள்விப்பட்டதும் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டாராம். கிழித்துப் போட்ட சீட்டெல்லாம் சாட்சியா?

தேன்சிட்டு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பயப்பட வேண்டாம். ஆன்தன் பிறகு இரண்டு கடிதம் எழுதினார். 1834-ல், எழுத்தில் கருத்துத் தர மறுத்துவிட்டேன் என்கிறார். 1841-ல், தயங்காமல் எழுதிக் கொடுத்தேன் என்கிறார். நடந்தது ஒரே சந்திப்பு. எந்த ஆன்தனை நம்பச் சொல்கிறீர்கள்?

கல்லெழுத்து:
1841 கடிதத்தை முழுதாகப் படித்தீர்களா? திரைக்குப் பின்னால் இருக்கும் ஆளுக்குத் தன் தந்திரம் பிடிபட்டுவிட்டது என்று தெரியட்டும், அதற்காகவும் எழுதிக் கொடுத்தேன் என்கிறார். இது நற்சான்றா?

தேன்சிட்டு:
ஆக, சீட்டு இருந்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கல்லெழுத்து:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? சீட்டைக் காட்டுங்கள்.

புளியங்கொட்டை:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். 'சீர்திருத்திய எகிப்தியம்' என்றால் என்ன? பழைய எகிப்தியக் கையெழுத்து வகைகளான ஹைராட்டிக்கா, டெமாட்டிக்கா, இல்லை வேறு ஏதாவதா? அதைச் சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளுங்களேன்.

கல்லெழுத்து:
அது அப்புறம். முதலில் சீட்டு. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்த்ததே 1822-ல். ஆன்தன் கிரேக்கம், லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். எகிப்தியம் படிக்கத் தெரியாதவர் மொழிபெயர்ப்பை எப்படிச் சரி பார்த்தார்? அதைவிட வேடிக்கை, எங்கள் மொழி வேறு எந்த மக்களுக்கும் தெரியாது என்று மார்மன் நூலே சொல்கிறது! ஆன்தனுக்கு மட்டும் தெரிந்துவிட்டதா?

தேன்சிட்டு:
படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் மோசடி என்று சொன்னதை மட்டும் ஏன் தலையில் வைத்து ஆடுகிறீர்கள்? நல்ல நியாயம்.

கல்லெழுத்து:
ரோமன் எழுத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் போட்டு வைத்திருந்தது என்கிறார். அதைக் கண்டுபிடிக்க எகிப்தியம் எதற்கு? சீட்டு எங்கே?

வேப்பம்பூ:
இரண்டு பேரும் ஹாரிஸ் கொண்டுபோன நகல் தாளைப் பற்றியே பார்க்கவில்லை போல. எழுத்துகள் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக இருந்தன, கடைசியில் ஒரு வட்டம் என்று ஆன்தன் விவரிக்கிறார். அந்த நகல் என்று இன்று நம்மிடம் இருக்கும் தாளில் ஏழு கிடைவரிகள், வட்டமே இல்லை. அவர் விவரித்தபடியே 1980-ல் மார்க் ஹாஃப்மன் என்ற பழைய ஆவண வியாபாரி ஒரு தாளைக் 'கண்டெடுத்தார்'. அது அவரே செய்த போலி. 1985-ல் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்ற பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

தேன்சிட்டு:
அந்த ஆள் மார்மன் சபையை மட்டும் ஏமாற்றவில்லை, பெரிய பெரிய நிபுணர்களையும் ஏமாற்றினார். அதையும் சேர்த்து எழுதுங்கள், வேப்பம்பூ. ரொசெட்டா கல் இழையிலும் இப்படித்தான் பாதி சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

வேப்பம்பூ:
ஓடவில்லை. அன்று என் மகளுக்குக் காய்ச்சல். அதைக்கூட இங்கே இழுக்க வேண்டுமா?

கல்லெழுத்து:
நிபுணர் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஸ்மித் 1835-ல் பாப்பிரஸ் (பழைய எகிப்திய நாணல் தாள்) சுருள்களை வாங்கி 'ஆபிரகாம் நூல்' என்று மொழிபெயர்த்தாரே? 1967-ல் அதன் துண்டுகள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்கே திரும்பி வந்தன. எகிப்தியவியலாளர்கள் படித்தார்கள். ஹோர் என்ற பூசாரியோடு புதைத்த ஈமச்சடங்கு நூல் இருந்தது. ஆபிரகாமைத்தான் காணோம். துண்டுகளில் இருப்பது அந்த நூலோடு பொருந்தவில்லை என்று சபையே 2014-ல் எழுதியது.

தேன்சிட்டு:
கிடைத்தது சில துண்டுகள்தான். மீதிச் சுருள் 1871 சிகாகோ தீயில் போயிருக்கலாம். அது இருக்கட்டும், ஹாரிஸ் 1829-ல் பண்ணையை அடமானம் வைத்து, மார்மன் நூலின் 5000 பிரதிகளை அச்சிட 3000 டாலர் பொறுப்பேற்றாரே, ஆன்தன் மோசடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் செய்வாரா?

கல்லெழுத்து:
ஏன் செய்யமாட்டார்? சீட்டுக் கம்பெனியை நம்பி வீட்டை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அவர்களிடமாவது சீட்டு இருந்தது.

தேன்சிட்டு:
ஒருவருடைய விசுவாசத்தைச் சீட்டுக் கம்பெனியோடு ஒப்பிடுவதுதான் உங்கள் ஆராய்ச்சியா? மட்டுறுத்துநர் தூங்குகிறாரா?

புளியங்கொட்டை:
நான் கேட்டது அப்படியே நிற்கிறது. சீர்திருத்திய எகிப்தியம்?

வேப்பம்பூ:
கல்லெழுத்து, ஒரு திருத்தம். பாப்பிரஸோடு நான்கு மம்மிகளையும் வாங்கினார்கள்.

கல்லெழுத்து:
மம்மி இல்லை என்று நான் சொன்னேனா? நாளை 1841 கடிதத்தை வரி வரியாகப் போடுகிறேன். அதுவரை சீட்டைத் தேடி வையுங்கள்.

தேன்சிட்டு:
1834 கடிதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். மறந்துவிடப் போகிறீர்கள்.