புதுக்கோட்டைக்கு என்ன நிறம்?

பழைய அட்லஸ்:
நேற்று இங்கே ஒருவர் வரைபடம் போட்டிருந்தார்: "1940-இல் வெள்ளையன் ஆண்ட தமிழ்நாடு". குமரி வரைக்கும் ஒரே சிவப்பு. பெயிண்ட் டப்பா கவிழ்ந்துவிட்டதா? திருச்சி, தஞ்சைக்குப் பக்கத்திலேயே தொண்டைமான் ராஜாக்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்ததே, ஐயா! அக்கால வரைபடங்களில் வெள்ளையன் நேரடியாக ஆண்ட இடம் சிவப்பு, சமஸ்தானம் மஞ்சள்; ஆகவே அது மஞ்சள். 1948 மார்ச் 3-இல்தான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. குமரியோ திருவிதாங்கூர் சமஸ்தானம்.

வைகைக்கரை:
போட்டவன் நான்தான். மஞ்சள் அடித்தால் தனி நாடாகிவிடுமா? பல காலம் திருச்சி கலெக்டர்தான் அங்கே பொலிட்டிகல் ஏஜென்ட், அதாவது சமஸ்தானத்தைக் கண்காணிக்கும் வெள்ளையனின் பிரதிநிதி. 1915-இல் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்க்கைக் கட்டிக்கொண்டார். பிறந்த மகனை வாரிசாக ஏற்க மாட்டேன் என்றது யார்? வெள்ளையனா, உங்கள் மஞ்சளா?

பழைய அட்லஸ்:
தனி நாடு என்று நான் எங்கே சொன்னேன்? மஞ்சள் என்றேன். புதுக்கோட்டையின் அம்மன் காசைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. லண்டன் ராணியின் தலை அதில் இல்லை. ஆகவே, மஞ்சள்.

வைகைக்கரை:
ராஜாவுக்கு 17 பீரங்கிக் குண்டு மரியாதை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் வெள்ளைக்காரன்தான். சிவப்பு.

பாஞ்சாலன்:
1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த சமஸ்தானம்தானே? எந்த நிறம் அடித்தாலும் கறை போகாது.

பழைய அட்லஸ்:
வந்துவிட்டார். எட்டயபுரம் யார் பக்கம் நின்றது என்று கேட்டால் மட்டும் காணாமல் போவீர்கள். பேச்சு கட்டபொம்மனைப் பற்றியது அல்ல, நிறத்தைப் பற்றியது.

பாஞ்சாலன்:
போன மாதம் தரங்கம்பாடி 1900-லும் டேனிஷ்காரர் கையில் இருந்தது என்று சாதித்தவர் நிறம் பார்க்கிறாராம்! 1845-இலேயே விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

பழைய அட்லஸ்:
அது தட்டச்சுப் பிழை.

பாஞ்சாலன்:
நாலு பதிவிலுமா அண்ணே?

பழைய அட்லஸ்:
தரங்கம்பாடிக்குத் தனி இழை திறங்கள், வருகிறேன். இங்கே புதுக்கோட்டை. மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

வைகைக்கரை:
கத்தினால் நிறம் மாறாது. படத்தை மாற்றப் போவதில்லை.

சும்மா வந்தவன்:
சரி, சண்டை முடியட்டும் என்று காத்திருந்தேன். 1954 வரை பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த காரைக்காலும் அந்தப் படத்தில் சிவப்பாகத்தானே இருக்கிறது?

வைகைக்கரை:
நீங்கள் யார் ஆள்?