டைரோசின் கைனேஸுக்கு ‘ஏற்றி’ சரிவருமா?

> கைனேஸ் = இயக்கு நொதி. கிரேக்க வேரும் இயக்கத்தைத்தான் குறிக்கிறது.

ஐயா, நம் கட்டுரையில் கைனேஸ் என்ற நொதிக்கு ‘இயக்கு நொதி’ என்று எழுதலாம் என்கிறீர்கள். வேரைப் பிடித்துக்கொண்டே போனால் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பாலாடைக்கட்டி என்று எழுத நேரும். கிரேக்கத்தில் ‘டைரோஸ்’ அதுதான். 1846இல் லீபிக் அதைப் பாலாடைக்கட்டிப் புரதத்திலிருந்துதான் பிரித்தார்.

கைனேஸின் வேலை, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொன்றின் மேல் ஏற்றுவது. டைரோசின் கைனேஸ் குடும்பம் புரதத்திலுள்ள டைரோசின் மேல் ஏற்றுகிறது. நான் திருவொற்றியூர்க்காரன். வெளியே கால் வைத்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்தான். லோடு ஏத்துறது, இறக்குறது என்றே காதில் விழும். அதனால் எனக்கு உடனே தோன்றியது ‘பாஸ்பேட்டேற்றி’. அதைக் கழற்றும் பாஸ்படேஸுக்கு ‘பாஸ்பேட்டிறக்கி’ கூடவே கிடைத்துவிடுகிறது. ‘இயக்கு நொதி’க்கு இப்படி ஒரு ஜோடி அமையாது.

எனக்கு அதிகம் உறுத்துவது கட்டுரையிலுள்ள ‘புற்றுநோய் மரபணுக் குடும்பம்’ என்ற தலைப்பு. சார்க், யெஸ், ஃபின், லின் என்ற இந்தக் கைனேஸ் மரபணுக்கள் எல்லாம் நம் எல்லோருடைய உடம்பிலும் ஒழுங்காக வேலை செய்பவை. 1911இல் பெய்டன் ரௌஸ் கோழிக் கட்டியில் கண்ட வைரஸின் சார்க் மரபணு, கோழியிடமிருந்தே வைரஸுக்குப் போனது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் காட்டினார்கள். மனித மரபணுக்களைத் தேடியபோதும் வைரஸ் மரபணுவையே மாதிரியாக வைத்து, அதை ஓரளவு ஒத்திருப்பவற்றைப் பிடித்தார்கள். ஃபின் அப்படித்தான் அகப்பட்டது. திருட்டுக் குடத்தைத் திருடன் வீட்டில் முதலில் பார்த்துவிட்டு, பறிகொடுத்தவனையும் திருடன் என்று கூப்பிடுவதா?

பிறழ்ந்ததை மட்டும் ‘புற்றுத்தூண்டு மரபணு’ என்போம். பிறழாததை ‘முன்புற்று மரபணு’ என்றால் புற்றுக்கு முந்தைய நிலை என்று படித்துவிடுவார்கள். ‘இயல் மரபணு’ போதுமா?

திருவொற்றியூரிலிருந்து

---

> பாஸ்பேட்டேற்றி

தம்பி, ராயபுரத்தில் எங்கள் மருந்துக்கடையில், டைரோசின் கைனேஸைத் தடுக்கும் மருந்தான இமாடினிப் வாங்க வந்தவரிடம் ‘டைரோசின் பாஸ்பேட்டேற்றித் தடுப்பி’ என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது. அவரோ, “இது ரத்தப் புற்றுக்குத்தானே சார்?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் முழுச்சொல் வரட்டும். அப்புறம் வெறும் ‘ஏற்றி’, ‘ஏற்றித் தடுப்பி’. அப்படியானால் என் ஓட்டு உங்களுக்கே. ‘இயல் மரபணு’வுக்கு இல்லை, எந்த மரபணுதான் இயல்பில்லாதது? ‘மூல’ என்பதை எங்காவது சேர்க்க முடிகிறதா பாருங்கள்.