செஸ்ட் எக்ஸ்ரேவுக்கு 70 கேவியா, 110 கேவியா? டிஆர் வந்த பிறகு குழப்பம்

சயான்_ரேடியோகிராபர்:

வணக்கம். மும்பை சயானில் ஒரு சின்ன டயக்னாஸ்டிக் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். தாராவி, கோலிவாடா பக்கத்து ஆட்கள்தான் அதிகம். பாதி வேலை செஸ்ட் பி.ஏ.தான், அதாவது முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் நெஞ்சுப் படம்: ஆறாத இருமல், டிபி சந்தேகம், மருந்து முடித்துவிட்டு மறுபடி பார்க்க வருபவர்கள், வேலைக்கான மெடிக்கல்.

முன்பு சிஆர் கேசட், எடுத்த பிறகு ரீடரில் போட்டுப் படிக்க வேண்டும். இப்போது படத்தை நேராகத் திரைக்கு அனுப்பும் டிஆர் டிடெக்டர் வந்துவிட்டது, டியூபுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டரும் புதிது. எங்கள் சீனியர் அண்ணன் பழைய சார்ட்டையே கன்சோல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பெரியவர்களுக்குச் செஸ்ட் என்றால் 70 கேவி (டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்), 16 எம்ஏஎஸ் (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது, கதிரின் அளவு), சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட்டோடு, 180 செ.மீ. தூரம். ரிப்போர்ட் எழுதும் டாக்டரோ, "இதயத்துக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, விலா எலும்பு நுரையீரலை மறைக்கிறது" என்று அடிக்கடி சொல்லி அனுப்புகிறார். கம்பெனிக்காரர் போட்டுக்கொடுத்த புரோகிராமில் 110 கேவி இருக்கிறது. அதில் எடுத்தால் அண்ணன், "படம் சாம்பலாக இருக்கிறது, கான்ட்ராஸ்ட்டே போய்விட்டது" என்கிறார்.

கேவி கூடினால் கான்ட்ராஸ்ட் குறையும், எம்ஏஎஸ் கூடினால் படம் கறுக்கும் என்று படித்திருக்கிறேன். டிஆரில் எதை மாற்றினாலும் திரையில் படம் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில்தான் வருகிறது. அப்படியானால் கேவி எதைத்தான் மாற்றுகிறது? நோயாளிக்கு எது நல்லது?

முலுண்ட்_ஷிப்ட்:

110 போடுங்கள். நாங்கள் 110 முதல் 120 வரை, கிரிட்டோடு, ஏஇசி (போதிய கதிர் வந்ததும் தானாக நிறுத்துவது) போட்டுத்தான் எடுக்கிறோம். யாரும் குறை சொன்னதில்லை.

மாட்டுங்கா_டார்க்ரூம்:

தங்கச்சி, உங்கள் அண்ணன் தேடும் கான்ட்ராஸ்ட் எலும்புக்கும் சதைக்கும் நடுவில் இருப்பது. செஸ்ட் படத்தில் டாக்டருக்கு அது வேண்டாம், அது அவருக்கு இடைஞ்சல். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

110 கேவி என்று வைத்தால் 110 என்பது உச்சம் மட்டும்தான். டியூபிலிருந்து வரும் கதிர்களின் சராசரி ஆற்றல் அந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் இருக்கும். ஆற்றல் குறைவாக இருக்கும்போது கதிர் உடம்பில் முழுதாக விழுங்கப்படுவது அதிகம். அந்த விழுங்கல் அணு எண்ணின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். கால்சியத்தின் அணு எண் 20, சதைக்குச் சராசரியாக ஏழு சொச்சம். அதனால்தான் 70 கேவியில் விலா எலும்பு பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. கையெலும்பு முறிவுக்கு இதுதான் வேண்டும், அங்கே 50, 55 போதும்.

கேவியைக் கூட்டக் கூட்ட அந்த விழுங்கல் வேகமாகக் குறைந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் சிதறல். சிதறலுக்குக் கால்சியமா சதையா என்ற பேதம் அவ்வளவாக இல்லை, அடர்த்திதான் கணக்கு. நுரையீரலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள வித்தியாசமே அடர்த்தி வித்தியாசம்தான். ஆகவே 110இல் விலா எலும்பு மங்கும், நுரையீரலுக்குள் இருக்கும் குழாய்கள் மங்காது. இதயம், நடு மார்பு எல்லாவற்றையும் கதிர் துளைத்துப் போகும். இதய நிழலுக்கு ஊடாக முதுகெலும்பு லேசாகத் தெரிகிறதா, இடப்பக்கம் இதயத்துக்குப் பின்னால் குழாய்களைத் தொடர்ந்து பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் டாக்டர் கேட்பது அதைத்தான்.

பிலிம் காலத்திலிருந்தே 15 சதவீத விதி ஒன்று உண்டு. கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். உங்கள் சார்ட்டிலேயே கணக்குப் போடுங்கள்: 70, 80, 92, 106. எம்ஏஎஸ் 16, 8, 4, 2. அப்படியானால் 110க்கு 2 எம்ஏஎஸ் அருகில்தான் வரும். 200 மில்லி ஆம்பியரில் 16 எம்ஏஎஸ் என்றால் 80 மில்லி செகண்ட், 2 எம்ஏஎஸ் என்றால் 10 மில்லி செகண்ட். துடிக்கிற இதயத்தின் விளிம்பும், மூச்சை அடக்க முடியாமல் இருமுகிறவரின் நுரையீரலும் எதில் கூர்மையாக வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வரிசையில் நிற்பவர்கள் இருமலோடு வருபவர்கள்தானே. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கிரிட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 110இல் சிதறல் அதிகம், கிரிட் இல்லாவிட்டால் படம் முழுக்க மூட்டம் போட்டுவிடும். படுக்கையில் கிரிட் இல்லாமல் போர்ட்டபிள் எடுக்கும்போது 80, 90க்குள் நிற்பது அதனால்தான்.

அதற்காக 110ஐ எல்லா இடத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். ஐவிபி (அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் சிறுநீரகப் படம்) எடுத்தால் 65 முதல் 75, ஏனென்றால் அயோடின் 33 கேஇவி ஆற்றலுக்குச் சற்று மேலே உள்ள கதிரைத்தான் நன்றாக விழுங்கும். குடல் படத்துக்குப் பேரியம் கொடுத்து எடுக்கும்போது கதிர் அதை ஊடுருவ வேண்டும், 100க்கு மேல் போகலாம்.

சயான்_ரேடியோகிராபர்:

நன்றி அண்ணா. காற்றுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் மங்காது என்பதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஆனால் திரையில் வெளிச்சம் மாறுவதே இல்லையே. எக்ஸ்போஷர் சரியாக இருந்ததா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

செம்பூர்_மெடிக்கல்_பிசிக்ஸ்:

வெளிச்சத்தை நம்பவே நம்பாதீர்கள். டிடெக்டருக்கு வந்த சிக்னல் எவ்வளவாக இருந்தாலும் மென்பொருள் அதை இழுத்துப் பிடித்து வழக்கமான கறுப்பு வெள்ளைக்குக் கொண்டுவந்துவிடும். கான்ட்ராஸ்ட்டையும் ஓரளவு கூட்டிக் காட்டும். மென்பொருளால் முடியாதது ஒன்றுதான்: வராத கதிரை வரவழைக்க முடியாது. கதிர் குறைந்தால் படத்தில் பொடி பொடியாக இரைச்சல் தெரியும். கூடினால் படம் அழகாக வரும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இதனால்தான் டிஆர் வந்த இடங்களில் எம்ஏஎஸ் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஆபத்து இருக்கிறது. நோயாளிக்குக் கூடுதல் டோஸ் விழுவது யார் கண்ணிலும் படாது. எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு, மன்னிக்கவும்.

பார்க்க வேண்டியது எக்ஸ்போஷர் இண்டெக்ஸையும் (டிடெக்டருக்கு வந்த கதிரின் அளவைக் காட்டும் எண்) டீவியேஷன் இண்டெக்ஸையும் (அது இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்). டீவியேஷன் 0 என்றால் இலக்கு. +1 என்றால் சுமார் 26 சதவீதம் அதிகம், +3 என்றால் இரு மடங்கு, -3 என்றால் பாதி. இலக்கு எண் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று கம்பெனி ஆளைக் கேளுங்கள். பல இடங்களில் வந்தபடியே கிடக்கும். இன்னொன்று, இந்த இண்டெக்ஸ் ஒரு குறிப்பிட்ட கதிர்த் தரத்தில், அதாவது ஒரு குறிப்பிட்ட ஊடுருவும் திறனுள்ள கதிரில், அளவிடப்பட்டது. 70இல் வந்த எண்ணையும் 110இல் வந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

டோஸ் கேட்டீர்கள். டியூபிலிருந்து வருவது எம்ஏஎஸ்ஸோடு நேராகவும், கேவியின் வர்க்கத்தோடு தோராயமாகவும் கூடும். அந்தக் கணக்கில் 70 கேவி 16 எம்ஏஎஸ்ஸை விட 110 கேவி 2 எம்ஏஎஸ்ஸில் தோல் மீது விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. உள்ளுறுப்புகளுக்குப் போகும் டோஸ் அவ்வளவு குறையாது, கதிர் ஆழமாகப் போகிறது அல்லவா. ஆனாலும் குறையும்.

அந்தப் பழைய சார்ட் எந்த ஜெனரேட்டருக்கு எழுதியது என்றும் கேளுங்கள். பழைய சிங்கிள் பேஸ் மெஷினில் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஹை பிரீக்வென்சி ஜெனரேட்டரில் கிட்டத்தட்ட நேராக நிற்கும். இரண்டிலும் 70 என்று எழுதியிருந்தாலும் கதிர் ஒன்றல்ல. கன்சோல் 110 காட்டினால் டியூபிலும் 110தானா என்பது வேறு கேள்வி. ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கேட்கும் க்யூஏ எனும் தரச் சோதனையில் கேவி துல்லியத்துக்கு 5 கேவிதான் ஏற்ற இறக்கம் அனுமதி. உங்கள் சென்டரின் கடைசி க்யூஏ அறிக்கையை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். அது உங்கள் வேலைக்கான தாள்.

படம்_வாசிப்பவர்:

ரிப்போர்ட் எழுதும் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. டிபி மருந்து முடித்தவரை முன்பு 70இல் எடுத்துவிட்டு இப்போது 110இல் எடுத்தால், நிழல் குறைந்தது நோய் ஆறியதாலா, கேவி மாறியதாலா என்று நான் குழம்ப வேண்டியிருக்கும். மாற்றுவதென்றால் ஒரு நாளில் எல்லோருக்கும் மாற்றுங்கள், எனக்கும் சொல்லிவிடுங்கள், படத்திலும் கேவி பதிவாகட்டும். சுண்ணாம்பு படிந்த சின்னக் கட்டி குறைந்த கேவியில் நன்றாகத் தெரியும் என்பதும் உண்மை. விலா எலும்பு முறிவு என்று சீட்டில் இருந்தால் 70 பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு 60 முதல் 70, கிரிட் வேண்டாம்.

சயான்_ரேடியோகிராபர்:

நன்றி டாக்டர், நன்றி மேடம். சீனியர் அண்ணனுக்குக் காட்ட ஒரே ஆளை 70இலும் 110இலும் அடுத்தடுத்து எடுக்கலாமா? பார்த்தால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

செம்பூர்_மெடிக்கல்_பிசிக்ஸ்:

கூடாது. நமக்குள் இருக்கும் வாக்குவாதத்துக்காக ஒரு மனிதருக்குத் தேவையில்லாத எக்ஸ்போஷர் கொடுக்கக் கூடாது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும். செஸ்ட் பேண்டம் (ஆளுக்குப் பதில் வைக்கும் நெஞ்சு மாதிரி) கிடைத்தால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

மாட்டுங்கா_டார்க்ரூம்:

பேண்டம் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது தங்கச்சி. 110க்கு மாறிய பிறகு மறுபடி பார்க்க வருபவர்கள் இருப்பார்கள் அல்லவா, அவர்களின் பழைய 70 கேவி படம் சர்வரிலேயே கிடக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கம் திறந்து, டாக்டரையும் கூட உட்கார வைத்து, இதயத்துக்குப் பின்னால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் பழைய கை, அந்த இடத்தை அவரே பிடித்துவிடுவார். புது சார்ட்டையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.