ஆண் மலடு வேண்டாம், தாதிலி என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சோளத்தின் வீரிய ஒட்டு விதை உற்பத்தி பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது 'ஆண் மலட்டு வரிசை' (male sterile line, மகரந்தம் உருவாகாத செடிகளின் வம்சம்) என்ற இடத்தில் நின்றுவிட்டேன். புழக்கத்தில் உள்ள சொல், அப்படியே இருக்கட்டும் என்பது சென்ற மடலின் கருத்து. எனக்கு மனம் ஒப்பவில்லை.

செடியைப் பார்ப்போம். சோளக் கதிர் நுனியில் பூக்கத் தொடங்கி நாள்தோறும் கீழே இறங்கிவரும். மணி பிடிக்கும் ஒவ்வொரு சிறுகதிரிலும் மூன்று மகரந்தப்பைகளும் சூலகமும் சேர்ந்தே இருப்பதால், பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். இரண்டு ரகங்களைக் கலக்க அந்தப் பைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நான்கைந்து கதிர்களுக்குச் செய்யலாம். வயல் வயலாக யாரால் முடியும்? 1954-இல் ஸ்டீபன்ஸ், ஹாலண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் மைலோ சோளத்தின் சைட்டோபிளாசமும் (உயிரணுவில் உட்கருவைச் சூழ்ந்த கூழ்) கஃபிர் சோளத்தின் உட்கருவும் கூடிய செடியில் மகரந்தம் உருவாவதில்லை என்று காட்டிய பிறகே, வணிக அளவில் கலப்பு விதைக்கு வழி பிறந்தது.

அந்தச் செடியின் பூத்த கதிரைக் கறுப்புத் தாளின்மேல் தட்டுங்கள். மஞ்சள் பொடி விழாது. பைகள் சூம்பி வெளிறியிருக்கும். ஆனால் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால் கதிர் நிறைய மணி பிடிக்கும். மணி பிடிக்கிற செடியை மலடு என்பது எப்படித் தகும்? மேலும், மலடு என்ற சொல் எத்தனை பெண்களை அழவைத்தது என்பது நமக்குத் தெரியும். புதிய துறைக்கும் அதை ஏன் சுமந்துவர வேண்டும்? விதைப் பையில் அச்சொல்லைக் காணும் உழவர், முளைக்காத விதை என்று எண்ணவும் இடமுண்டு.

'தாதிலி' என்று முன்மொழிகிறேன். பூவின் தாது இல்லாதது தாதிலி; ஏதிலி போல. தாது என்றால் கனிமமும் ஆகுமே என்பீர்கள். ஆகும்தான். ஆனால் சோளக் கதிரைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் இரும்புத்தாது நினைவுக்கு வராது. ஐயம் தீராதவர்கள் முதல் இடத்தில் 'பூந்தாதிலி' என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, 'வரிசை'. விதை வயலில் பெண் பெற்றோரை நான்கு வரிசையும் ஆண் பெற்றோரை இரண்டு வரிசையுமாக விதைப்பது வழக்கம். அப்போது 'ஆண் மலட்டு வரிசை நான்கு வரிசை' என்று எழுத நேர்கிறது. வம்சத்தைக் குறிக்கக் 'கால்வழி' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறதே.

ஆக மூன்று பெயர்கள்: தாதிலிக் கால்வழி, தாதிலியைப் பெருக்கிக் காக்கும் காப்புக் கால்வழி (maintainer line), கலப்பு விதைக்கு ஆண் பெற்றோராகும் மீட்புக் கால்வழி (restorer line). காப்புக் கால்வழிக்குத் தாதிலியின் உட்கருவேதான், சைட்டோபிளாசம் மட்டும் வேறு. சைட்டோபிளாசம் தாய்வழியே வருவதால், காப்புக் கால்வழியின் மகரந்தத்தால் தாதிலியில் பிறப்பவையும் தாதிலிகளே. மீட்புக் கால்வழியின் மரபணுவோ கலப்புச் செடிக்கு மகரந்தத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் உழவரின் வயலில் கலப்புச் செடி பூத்தும் மணி வைக்காது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'தாதிலிக் கால்வழியை நான்கு வரிசையும் மீட்புக் கால்வழியை இரண்டு வரிசையும் விதைத்து, தாதிலிக் கதிர்களை மட்டும் தனியே அறுத்து விதை எடுக்க வேண்டும்.' எனக்கு இடறவில்லை. 'காப்பு' என்பதில் மட்டும் முழு நிறைவில்லை. 'பேணு கால்வழி' பொருந்துமா என்று சொல்லுங்கள்.