மறு: இன்ஜெக்‌ஷன் டைமிங் – 'நேரம்' வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

டீசல் எஞ்சினில், பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது சிலிண்டருக்குள் டீசலைப் பாய்ச்சுவது என்று வைப்பதுதான் 'இன்ஜெக்‌ஷன் டைமிங்'. பாடத்துக்கான நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'உட்செலுத்தல் நேரம்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மட்டும் அதில் மனம் ஒட்டவில்லை. போன மாதம் கிருஷ்ணகிரியில் டீசல் எஞ்சின் பம்ப்புகளைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

என் மச்சானிடம் பழைய ஆறு சக்கர லாரி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு பிளஞ்சரும் (சிறு தண்டுகள்) ஒரே வரிசையில் நிற்கும் பம்ப். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி மாங்காய் சீசன் முடிவதற்குள் மூன்றரைக்கு இறங்கிவிட்டது. டிரைவர் டீசல் எடுத்து விற்கிறாரோ என்று மச்சானுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. டிரைவரோ, "காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளப் புகை நிக்கவே மாட்டேங்குது, சேலத்துலேர்ந்து வரும்போது தொப்பூர் ஏத்தத்துல இழுவையே இல்ல, ஹீட் முள்ளு மேல போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பாவம், அவர் சொன்னதில்தான் விடையே இருந்தது.

பம்ப்காரர் வந்ததும் பம்ப்பைத் தொடவில்லை. டேங்கைக் கழுத்து வரை நிரப்பி ஒரு நடை போய்வந்து திரும்ப நிரப்பி, நிஜமாக எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தார். ஓடி நின்ற வண்டியின் சக்கரங்களில் கை வைத்துப் பார்த்தார். பின்பக்கம் ஒரு டிரம் மட்டும் கொதித்தது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டர் மண்ணாக இருந்தது. இரண்டையும் சரிசெய்ததில் கொஞ்சம் தேறியது, ஆனால் முழுதாக இல்லை. அப்புறம்தான், "பம்ப்பை யாராவது கழட்டினாங்களா?" என்று கேட்டார். ஆறு மாதம் முன்பு வேறு ஊரில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

பம்ப்பிலிருந்து முதல் சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, அந்த இடத்தில் வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார். முதல் சிலிண்டர் அமுக்கத்தில் வருகிறதா என்பதற்கு ஆறாவது சிலிண்டரின் வால்வுகளைப் பார்த்துக்கொண்டார்; அங்கே இரண்டும் ஒன்றாக அசைந்தால் இங்கே அமுக்கம். எஞ்சினை ஓடும் திசையிலேயே கையால் மெல்லத் திருப்பினார். கம்பி மாதிரி வழிந்த டீசல் மெலிந்து, சொட்டாகி, நிற்கப்போகும் இடத்தில் கையைத் தூக்கினார். பிளஞ்சர் மேலேறி டீசல் வரும் துளையை மூடும் இடம் அது. எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலில் குறியைப் பார்த்தால், இருக்கவேண்டிய இடத்தைவிட ஆறு டிகிரி பின்னால். தாமதமாகப் பற்றும் டீசல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சரையும் தண்ணீரையும் சூடாக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பம்ப்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்தி, பம்ப் அச்சை மூன்று டிகிரி திருப்பினார். ஆறுக்கு மூன்றா என்று விழித்தேன். "எஞ்சினுக்கு பம்ப்பு பாதி வேகந்தானே வாத்தியாரே சுத்துது" என்றார். சிலிண்டருக்குள் டீசலைச் சிதறவிடும் நாசில்களையும் அன்றைக்கே சர்வீஸ் செய்ததால் எல்லாப் புகழும் டைமிங்குக்கே என்று சொல்லமாட்டேன். ஆனால் வண்டி நாலரைக்கு வந்துவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த அரை நாளில் அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் ஃப்ளைவீல் குறி. 'நேரம்' என்றால் கேட்பவர் விநாடியை எதிர்பார்ப்பார். பேச்சுக்கு கிராங்க் 18 பாகை (டிகிரி) திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் அது ஒரு விநாடியில் 200-ல் ஒரு பங்கு, 1800 சுற்றில் 600-ல் ஒரு பங்கு. வேகத்துக்கேற்ப டீசலைத் தானாக முந்தவைக்கும் கருவி இல்லாத பம்ப்பில் நேரம்தான் மாறுகிறது, வைத்த இடம் மாறுவதில்லை. வைக்கிற பொருளை விட்டுவிட்டு மாறுகிற பொருளுக்குப் பெயர் வைப்பானேன்?

என் பரிந்துரை 'பீச்சுப் பாகை'. 'உட்செலுத்தல்' என்றால் மாணவனுக்கு ஊசிதான் நினைவுக்கு வருகிறது. பால் பீச்சுவது எங்கள் பக்கத்தில் தினசரி வார்த்தை. நுண்ணிய துளை வழியே அழுத்தத்தில் பாய்வது என்ற பொருள் அப்படியே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கும் அதே சொல் என்று ஒரு நண்பர் சிரித்திருந்தார். ஒப்புக்கொள்கிறேன், வகுப்பில் இரண்டு நாள் சிரிப்பார்கள். கடையில் புழங்கும் 'அடிக்கிறது' எனக்கும் பிடிக்கும், "நாசில் நல்லா அடிக்குது" என்பார்கள். ஆனால் பெட்ரோல் பங்கில் டீசல் அடிப்பதும் அதுவே ஆகிவிடுகிறது.

பாகை அலகுதானே, 'பீச்சுக் கோணம்' என்பதல்லவா முறை என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல் காலியாக இல்லை. நாசில் முனையிலிருந்து டீசல் விரிந்து சிதறும் கோணத்துக்கு அது வேண்டும். அலகே அளவின் பெயராவது புதிதும் இல்லை. கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டு 'மைலேஜ்' என்று சொல்பவர்கள்தானே நாம்?

சொட்டு நிற்கும் இடத்தில் பீச்சல் தொடங்குவதில்லை, குழாயில் அழுத்தம் போய்ச் சேர்ந்த பிறகே நாசில் திறக்கும் என்று ஒருவர் சுட்டியது சரியான அடி. எனவே பம்ப்பில் நடப்பது 'தள்ளல் தொடக்கம்', நாசிலில் நடப்பது 'பீச்சல் தொடக்கம்' என்று பிரித்துக்கொள்ளலாம். பாடத்தில் எண் வரும் இடத்திலெல்லாம் கிராங்க் பாகையா பம்ப் பாகையா என்று சொல்லிவிடவேண்டும். இல்லையென்றால் மாணவன் மூன்றுக்கு ஆறு திருப்பிவிட்டு, டீசல் முன்கூட்டியே பற்றி எஞ்சின் தட்டுகிறது என்று வருவான்.

டைமிங்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ், பின்னே தள்ளும் ரிட்டார்ட் இரண்டுக்கும் கடையில் 'ஏத்துறது, இறக்குறது'. எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் "தொப்பூர் ஏற்றத்தில் ஏற்றம் இறங்கியிருந்தது" என்று எழுதிப்பாருங்கள். 'முந்தல், பிந்தல்' என்று சொன்னதும் பம்ப்காரர், "மழ பிந்திருச்சுங்கற மாதிரியா?" என்றார். வானம் பார்த்த பூமிக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'பீச்சுப் பாகை'க்கு மட்டும் தலையை ஒருபக்கமாக ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

பட்டியலில் அடுத்தது 'ஸ்பில் டைமிங்', டீசல் சொட்டி நிற்கும் இடத்தைப் பம்ப்காரர் பார்த்தாரே, அதுதான். 'கசிவு நேரமிடல்' என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். பம்ப்காரர் அதற்கு 'சொட்டு பாக்குறது' என்றார். அதில் கைவைக்கவேண்டாம் என்பது என் கட்சி.