ரயில் பயணத்துக்காக டிவிடிகளை லேப்டாப்பில் ஏற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு அடுக்கு முழுக்க ஒரிஜினல் டிவிடிகள்தான். 2007 வாக்கில் மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்க ஆரம்பித்தபோது சேர்க்கத் தொடங்கியது, அப்புறம் நிறுத்த முடியவில்லை. "ஏம்பா, இதையெல்லாம் எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று அம்மா கேட்காத பொங்கல் கிடையாது. எனக்கோ வேலை விஷயமாக அடிக்கடி டெல்லி போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால் ஒன்றரை நாளுக்குக் கிட்ட உட்கார்ந்திருக்க வேண்டும், பல்லார்ஷா தாண்டினால் நெட் வருவதும் போவதுமாக இருக்கும்.

தட்டையே எடுத்துப்போய் ரயிலில் போட்டுப் பார்க்கலாமே என்றால், வேண்டாம். மோட்டார் சுற்றிச் சுற்றி பேட்டரியைக் குடிக்கும், பெட்டி குலுங்கும்போது படம் நிற்கும், தட்டில் கீறலும் விழும். இப்போது வருகிற லேப்டாப்புகளில் டிரைவே இல்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கி வீட்டிலேயே வேலையை முடித்துவிடுகிறேன்.

பூட்டு, அதாவது காப்பி எடுக்க விடாத தடுப்பு, இல்லாத தட்டு என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் நேரடியாகப் படித்து லேப்டாப்பில் ஃபைலாக மாற்றிவிடும். தட்டுக்குள் டிரெய்லர், விளம்பரம், பாட்டு என்று பல துண்டுகள் இருக்கும், அதில் நேரம் அதிகமாகக் காட்டுவதுதான் படம். இரட்டை அடுக்குத் தட்டில் (பதிவு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் இருக்கும்) 8.5 ஜிபி வரை இருக்கும் படம், ஹெச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் தரம் 20 என்று வைத்தால் எனக்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் செட்டிங்ஸை நோண்டி ராத்திரியை வீணாக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்றே ஒன்று மட்டும் பாருங்கள்: நம் ஊர் டிவிடிகள் பலவற்றில் படம் இன்டர்லேஸ் ஆகியிருக்கும், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்திருக்கும், டான்ஸில் கை வேகமாக அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஃபில்டர் பகுதியில் டீகோம்ப் போட்டுவிட்டால் போய்விடும். டிவிடி சப்டைட்டில் எழுத்து அல்ல, படமாகத்தான் பதிந்திருக்கும். அதனால் எம்கேவி என்ற ஃபைல் வகையில் சேமிப்பது நல்லது, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த தட்டு ஒன்று தகராறு செய்தது. டிவிடியை எந்த நாடுகளில் பார்க்கலாம் என்று பிரித்திருக்கும் எண்தான் ரீஜன்; அது ரீஜன் 3, நமக்கு ரீஜன் 5. டிரைவின் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசியாக எதை வைத்தோமோ அதிலேயே நின்றுவிடும். ரீஜனை மாற்றவா என்று கேட்டால் அவசரப்பட்டு ஓகே அமுக்காதீர்கள்.

ஒருமுறை எதிர் பெர்த்தில் இருந்தவர் ரொம்ப நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பென் டிரைவ் இருக்கு, அப்படியே போட்டுக் குடுங்களேன்" என்றார். "பார்க்கிறதுன்னா பக்கத்துல வாங்க சார், காப்பி மட்டும் கேட்காதீங்க" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் இடைவேளை வரை உட்கார்ந்து பார்த்தார். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கு இடம் தருகிறது. பூட்டை உடைப்பது பற்றி 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டை நானே பார்ப்பது வேறு, அடுத்தவருக்கு ஏற்றிக் கொடுப்பது வேறு என்பது என் கட்சி. இதெல்லாம் இந்தியக் கதை, வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2014-ல் சொந்தக் காப்பிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மறு வருடமே நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

செய்வதென்றால் பழைய தட்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஒற்றை அடுக்குத் தட்டை டிரைவ் உள்ளிருந்து வெளியே படிக்கும், ஆகவே விரல் பட்டுப் பட்டு ஓரம் கெட்டிருந்தால் கிளைமாக்ஸில்தான் மாட்டும். இரட்டை அடுக்கில் வெளி ஓரம் வரை போய்த் திரும்பி வருவதால் இடைவேளைப் பக்கம் தகராறு வரும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.