உதவி: உப்பளத்தில் எடுத்த படமெல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி வருகிறது

உப்புக்காத்து (இழை தொடங்கியவர்)
வணக்கம். தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் இரண்டு நாளாகப் படம் எடுக்கிறேன். இன்று காலை பதினொரு மணிக்கு எடுத்த நாற்பதில் முப்பதுக்கு மேல் ஒன்றுக்கும் ஆகாது. உப்பு, வானம், முகம் எல்லாம் ஒரே வெள்ளை. அந்த அண்ணன் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டின் ஓரம் மட்டும் ரோஸ் கலரில் லேசாகத் தெரிகிறது. நேற்று இப்படி வெள்ளையாக வரவில்லை. ஷட்டர் போய்விட்டதா? நாளை மதியம் ஊருக்குக் கிளம்ப வேண்டும், அவசரம்.

லென்ஸ்கிறுக்கன்
என்ன கேமரா, என்ன லென்ஸ், எந்த மோடு, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) எவ்வளவு? இது எதுவும் இல்லாமல் "ஷட்டர் போச்சா" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மேகமூட்டம்
என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் உப்பளத்துக்குப் போனதுதான் தப்பு. என்டி 8 ஒன்று மாட்டுங்கள், மூன்று ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி), பிரச்சினை தீர்ந்தது. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

பழையரோல்
பதினொரு மணிக்கு யாராவது படம் எடுப்பார்களா? நாங்கள் 36 படம் உள்ள ஒரு ரோலை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே முடித்த காலம் உண்டு, ஒரு பிரேம் வீணாகாது. இப்போது கேமரா கையில் வந்தவுடன் எல்லோரும் கலைஞர். முதலில் அப்பர்ச்சர் என்றால் என்ன என்று படித்துவிட்டு வரவும்.

குறுக்குத்துறை
பழையரோல் அண்ணாச்சி, அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று. உப்பு வாருகிறவர்கள் வேலை செய்கிற நேரத்தில்தானே போய் எடுக்க முடியும்?

உப்புக்காத்து
மன்னிக்கவும். கேனான் 1500டி, 50 எம்எம் 1.8 லென்ஸ். ஏவி மோடு, அதாவது அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எஃப் 1.8, ஐஎஸ்ஓ 100. பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று அப்படி வைத்தேன். நடுவில் பாத்தி முழுவதும் தெரியட்டும் என்று எஃப் 11 வைத்து ஏழெட்டு எடுத்தேன், அவை பிழைத்துவிட்டன.

லென்ஸ்கிறுக்கன்
இப்போது பேசலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப் 16, ஷட்டர் 1/100 நொடி. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகத் திறந்துகொண்டு வாருங்கள்: எஃப் 8க்கு 1/400, எஃப் 4க்கு 1/1600, எஃப் 2.8க்கு 1/3200. எஃப் 1.8க்கு வந்தால் 1/8000 வேண்டும். உங்கள் கேமரா 1/4000க்கு மேல் போகாது. அதனால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் அதிகம், உப்பின் பளபளப்புக்கு இன்னொரு ஸ்டாப் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு ஸ்டாப்புக்கு முகம் வெளிறத்தான் செய்யும், காகிதமாகாது. வேறு ஏதோ இருக்கிறது. படத்தின் தகவலில் ஷட்டர் வேகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நெல்லைவெயில்
எஃப் 16 கணக்கெல்லாம் குளிர் தேசத்துக்காரன் போட்டது. நம்ம ஊர் வெயிலுக்கு எப்போதும் எஃப் 22 வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பத்து வருஷமாக அப்படித்தான் எடுக்கிறேன்.

பழையரோல்
பத்து வருஷமாக அண்டர் எக்ஸ்போஸ் (வெளிச்சம் போதாமல் எடுப்பது) செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபிலிம் டப்பாவின் உள்பக்கம் சூரியன், மேகம் எல்லாம் படமாகப் போட்டு எண் எழுதியிருப்பான். சென்னைக்குத் தனி டப்பாவா விற்றான்?

நெல்லைவெயில்
சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் வந்து நின்று பாருங்கள், அப்புறம் டப்பாவைப் பற்றிப் பேசலாம்.

குறுக்குத்துறை
இரண்டு பேருக்கும்: சூடு வேறு, வெளிச்சம் வேறு. சூரியன் ஓரளவு மேலே ஏறிவிட்டால், வானம் தெளிவாக இருக்கிற வரை ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் கிடையாது. எஃப் 22 என்பது பனி, கடற்கரை மணல், உப்பு மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற இடத்துக்கு. உப்பளத்தில் நெல்லைவெயில் சொல்வது சரி, பாளையங்கோட்டைத் தெருவில் பழையரோல் சொல்வது சரி. போதுமா?

நெல்லைவெயில்
எங்கள் தெருவும் பளபளக்கத்தான் செய்கிறது.

மேகமூட்டம்
என்டி வாங்கினால் இந்தச் சண்டையே தேவையில்லை. ஆனால் வேரியபிள் என்டி வேண்டாம், விலை குறைந்ததை முழுக்கத் திருகினால் படத்தின் குறுக்கே எக்ஸ் மாதிரி ஒரு கறை விழும்.

உப்புக்காத்து
எல்லாப் படத்திலும் 1/200 என்று இருக்கிறது. எஃப் 1.8இல் எடுக்கும்போது வியூ ஃபைண்டருக்குள் அந்த 200 விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது, பேட்டரி இறங்குகிறது போல என்று நினைத்தேன்.

குறுக்குத்துறை
தம்பி, ஒரே கேள்வி. மேலே அந்தச் சின்ன பிளாஷ் தூக்கியிருந்ததா?

உப்புக்காத்து
ஆமாம். நேற்று எடுத்ததில் உப்பு சாம்பல் நிறமாகவும் ஆட்கள் முகம் கறுப்பாகவும் வந்தன. தங்கியிருந்த வீட்டில் ஒருவர், வெயிலில் முகம் தெரிய பிளாஷ் போடணும் என்றார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குறுக்குத்துறை
முழு சம்பந்தமும் அதுதான். ஷட்டரில் இரண்டு திரை. முதல் திரை திறந்து ஓடும், பின்னாலேயே இரண்டாவது மூடிக்கொண்டு வரும். 1/200 வரை ஏதாவது ஒரு கணத்தில் சென்சார் முழுவதும் திறந்திருக்கும். அதைவிட வேகம் என்றால் முதல் திரை அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், நடுவில் ஒரு இடுக்கு மட்டும் நகர்ந்து போகும். பிளாஷ் ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரியும், அந்த இடுக்கில் மட்டும் விழுந்து படத்தில் ஒரு பட்டையாக நிற்கும். அதனால் பிளாஷ் தூக்கியிருந்தால் உங்கள் கேமரா 1/200ஐத் தாண்டவே விடாது. லென்ஸ்கிறுக்கன் கணக்குப்படி உங்களுக்கு வேண்டியது 1/8000, கிடைத்தது 1/200. நாற்பது மடங்கு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. அந்த 200 மின்னியது பேட்டரிக்காக இல்லை, "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று கேமரா கதறியது.

எஃப் 11 படங்கள் பிழைத்ததும் இதே காரணம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/200: அந்த வெயிலுக்கு அச்சாக அதுதான் கணக்கு. யோகம்.

லென்ஸ்கிறுக்கன்
சபாஷ். பிளாஷைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பழையரோல்
இதைத்தான் நான் முதல் பதிலிலேயே சொன்னேன். அடிப்படை படிக்கவில்லை.

லென்ஸ்கிறுக்கன்
முதல் பதிலில் கல்யாணக் கதைதான் இருக்கிறது, மேலே போய்ப் பாருங்கள்.

மேகமூட்டம்
என்டி 64 போட்டால் ஆறு ஸ்டாப், பிளாஷோடு 1/200லேயே எடுக்கலாமே.

குறுக்குத்துறை
எடுக்கலாம், ஆனால் ஃபில்டர் பிளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்துத்தானே குறைக்கும்? அந்தக் குட்டி பிளாஷின் கைடு நம்பர் (எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிடும் எண்) 9 சொச்சம். எஃப் 11ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கும் குறைவு. எஃப் 1.8 வைத்து மேலே என்டி 64 மாட்டினாலும் ஏறக்குறைய அதே கதிதான். எட்ட நின்று உப்பு வாருகிறவர் முகத்துக்கு அது போய்ச் சேராது. தனி பிளாஷ் வாங்கி ஹை ஸ்பீட் சிங்க் வைத்தால் 1/200ஐத் தாண்டலாம், கேமராவோடு வருகிற பிளாஷில் அந்த வசதி கிடையாது. நாளை மதியம் கிளம்புகிறவருக்கு அது எதற்கு.

உப்புக்காத்து, நேற்றைய சிக்கல் வேறு, அதற்கும் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு உப்பு என்று தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொள்ளும், அதனால் உப்பைச் சாம்பலாக்கி முகத்தைக் கறுப்பாக்கும். பிளாஷை மூடுங்கள், எஃப் 4 வையுங்கள், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (மீட்டர் கணக்கைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஆமாம், வெயில் அதிகம் என்றாலும் கூட்டத்தான் வேண்டும். முகத்தை நிரப்பி எடுத்தால் கூட்ட வேண்டாம். 50 எம்எம்மில் கிட்டப்போய் எடுத்தால் எஃப் 4லேயே பின்னணி போதுமான அளவு கரையும்.

முகத்து நிழலுக்கு அங்கேயே ரிஃப்ளெக்டர் கிடக்கிறது. வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து ஆளை நிறுத்துங்கள். அதிலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் துண்டுக்குக் கீழே கண் வரைக்கும் தெரியும். எடுத்ததும் கேமராத் திரையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், அந்த வெயிலில் வெறும் கண்ணுக்குத் திரை தெரியாது.

நெல்லைவெயில்
கூட்டச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள், உப்பின் மணி மணியான உருவமே போய்விடும். ரா (சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) வைத்து எடுத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

லென்ஸ்கிறுக்கன்
ரா என்றாலும் முழுக்க வெள்ளையாகப் போனது போனதுதான், முப்பது படத்தையும் அழித்துவிட்டு இடத்தைக் காலி செய்யட்டும்.

தட்டாம்பாறை
நடுவில் வருகிறேன். எங்கள் ஊர் அளத்திலும் படம் எடுக்க வருகிறார்கள். கேட்டுவிட்டு எடுத்தீர்களா? வெறுங்காலோடு நிற்கிறவரை "கொஞ்சம் அப்படியே நில்லுங்கள்" என்று கால் மணி நேரம் நிறுத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய கால் வெடிப்பு எப்படி எரியும் என்று நின்றவருக்குத்தான் தெரியும்.

குறுக்குத்துறை
நியாயம். செட்டிங் எல்லாம் தயார் செய்துகொண்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

உப்புக்காத்து
பிளாஷை மூடினேன், எஃப் 4, பிளஸ் ஒன்று. 1/1600 பக்கம் வந்தது. சிவப்புத் துண்டு சிவப்பாகவே இருக்கிறது. கேட்டுத்தான் எடுத்தேன். அம்பாரம் பக்கம் பார்க்கச் சொன்னதற்கு அந்த அண்ணன், "காலையிலிருந்து அதைத்தானே பார்க்கிறேன்" என்றார். சிரித்தபோது ஒன்று எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

லென்ஸ்கிறுக்கன்
அந்தப் படத்தைப் போடுங்களேன்.

லென்ஸ்கிறுக்கன்
ஒரு வாரம் ஆச்சு. படம்?

மேகமூட்டம்
என்டி வாங்கினாரா என்று யாருக்காவது தெரியுமா?